அப்பாவின் பல்லில் ஒரு பள்ளம்

அத்தியாயம் 11

மூன்று வருடமாகப் புதுச்சேரி நெல்லித்தோப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத எழிலரசன், போன வாரம் திடீரென்று தம்பி வீட்டு வாசலுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றாமலே நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவர் பேசியது மொத்தமே ஒரு மூச்சுக்குள் அடங்கிவிட்டது.

“ஞாயித்துக்கெழம சொல்தா வீட்டு ரிசப்ஷன். கிளாரினெத் வேணுமாம். வந்து ஊதுறியா?”

மதிவாணன் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் போய்விட்டார். மதிவாணனின் மனைவி அன்புசெல்வி அவசர அவசரமாகக் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து, ஆளில்லாத வாசலில் டம்ளரோடு நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

அண்ணன் ட்ரம்பெட், தம்பி கிளாரினெட். ஒரே பேண்டு செட்டில் தோளோடு தோள் நின்று வாசித்தவர்கள். ஒருநாள் எழிலரசன் ஒரு கீபோர்டு வாங்கி வந்தார். அதை வாசிக்க வந்தவர் முதல் நாளே, மதிவாணன் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு பொத்தானை அமுக்கி, “பாருங்கண்ணே, கிளாரினெட் சத்தமும் இதுலியே இருக்கு!” என்றார். மதிவாணன் எழுந்தார். தன் கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். நடந்தார். அண்ணன் கூப்பிடவில்லை. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றைக்குச் சரியாக வாசித்தால், அண்ணன் பக்கத்தில் அவர் நின்ற இடம் மறுபடியும் அவருக்கு. சொதப்பினால், அந்தப் பொத்தானே போதும் என்று ஆகிவிடும்.

மதிவாணன் சொதப்பிக்கொண்டிருந்தார்.

மொட்டை மாடியில் காலையிலிருந்து ஊதிக்கொண்டிருந்தார். கீழ்ச் சுரங்கள் ஒழுங்காகத்தான் வந்தன. மேலே தாவும்போதுதான் சத்தம் இரண்டாகக் கிழிந்தது.

“என்னாங்க!” கீழேயிருந்து அன்புசெல்வி குரல் கொடுத்தாள். “தண்ணி டேங்குல பூனை எதுனா வுழுந்துடுச்சா?”

“ரீடு சரியில்ல, செல்வி.” வாத்தியத்தின் வாயில் கட்டியிருந்த நாணல் சீவலை விரலால் தட்டிப் பார்த்தார்.

“நேத்தும் இதான் சொன்னீங்க, முந்தாநாளும் இதான் சொன்னீங்க. அந்த ரீடு செய்யறவன் உங்களுக்கு என்னா பங்காளியா, தெனம் அவனையே திட்டறீங்க?”

மகள் கவிநிலா படியேறி வந்தாள். பல் மருத்துவம் முடித்து, காமராஜர் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் டாக்டர் கனீஸ் பாத்திமாவின் கிளினிக்கில் உதவி டாக்டராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை கிளினிக் உண்டு. கைப்பையோடு கிளம்பியவள், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

அவர் உதட்டை மூடிக்கொண்டு நாக்கால் மேல் முன்பல்லைத் தடவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார்.

“இன்னொரு தடவ ஊதுப்பா.”

“உனக்கு நேரமாவுது. கெளம்பு.”

“ஊதுப்பா.”

ஊதினார். அவள் சத்தத்தைக் கேட்கவில்லை. வாயைப் பார்த்தாள். கிளாரினெட்டின் வாய்ப்பகுதியான மௌத்பீஸ் மீது மேல் முன்பற்கள் இரண்டும் அமர்ந்திருந்தன. மேலே தாவ வேண்டிய இடம் வந்ததும் மௌத்பீஸ் ஒரு நூல் இடதுபுறம் வழுக்கியது. அப்பா தாடையால் அதை இழுத்துப் பிடித்தார். அதற்குள் சத்தம் கிழிந்துவிட்டது.

அவள் கையை நீட்டினாள். “அதைக் குடு.”

கறுப்பு மௌத்பீஸின் மேற்புறத்தில் இரண்டு தேய்மானங்கள் இருந்தன. ஒன்று லேசானது. இன்னொன்று கட்டைவிரல் நகம் இறங்கும் அளவுக்குக் குழி. வலது முன்பல் உட்காரும் இடம்.

அந்தப் பல்லை அவளுக்கு நன்றாகவே தெரியும். நுனியில் ஒரு பள்ளம் இருந்தது. ஐஸ் தண்ணீர் குடித்தால் கூசுகிறது என்று அப்பா சொன்னபோது, கிளினிக்குக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, பல் நிறத்திலேயே சிமென்ட் வைத்து அவள்தான் அதை அடைத்தாள். கிளினிக் மூடும் நேரம் என்று டாக்டர் அம்மா முன்னமே போயிருந்தார்கள். கவிநிலா தன்னந்தனியாகச் செய்த முதல் வேலை. பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. “எங்க கல்யாண போட்டோவுலகூட உங்கப்பா இப்படிச் சிரிச்சதில்லடி” என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வந்தாள்.

இப்போது குழியும் பள்ளமும் அவள் மனதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. ஒன்றையொன்று வருடக்கணக்காகத் தேய்த்து, ஒன்றுக்கொன்று இடம் செய்துகொடுத்தவை அவை.

“அப்பா, இது நான் அடைச்ச எடம்.”

மதிவாணன் மாடிச் சுவரைப் பார்த்தார். “ரீடுதான் கவி…”

“எப்பலேருந்து இப்படி?”

“நீ பல்ல அடைச்ச அன்னிக்கி ராத்திரிலேருந்து.”

“தெரிஞ்சுக்கிட்டேவா சொல்லாம இருந்த?”

“கண்ணாடியப் புடிச்சிக்கிட்டு நீ எதுர்ல நின்ன பாரு… உன் மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன்.” அவர் துண்டால் மௌத்பீஸைத் துடைத்தார். “போவப்போவ பழகிடும்னு நெனச்சேன்.”

“பழகும். மாசக்கணக்காவும். ரிசப்ஷன் இன்னிக்கி!”

“அதான், அண்ணங்கிட்ட எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம்னு…”

அவர் சட்டைப்பைக்குள் கைவிடுவதற்குள் கவிநிலா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“காய்ச்சல்னா பெரியப்பா நம்பிடுவாரா? பயந்துட்டான்னு நெனப்பாரு. கிளாரினெட்டை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறு.”

“எங்க?”

“கிளினிக்குக்கு.”

“உன் கையால செஞ்சத நீயே ஒடைக்கப் போறியா?”

அவள் படியிறங்கிக்கொண்டே சொன்னாள். “வாத்தியத்தக் கெடுத்தது நான்தானே? நான்தான் சரிபண்ணணும்.”

* * *

டாக்டர் கனீஸ் பாத்திமாவின் வீட்டில் எல்லோரும் துணி வியாபாரம். அவர் ஒருவர்தான் பல் பக்கம் வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். அதட்டினாலும் கேட்கிறவர்களுக்குக் கோபம் வராத குரல்.

கவிநிலா நடந்ததைச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, மௌத்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடைக்கறதுக்கு முன்னாடி, என்ன வேலை செய்யறீங்கன்னு பேஷண்டைக் கேட்டியா?”

“எங்கப்பாதானே மேடம். தெரியாதா எனக்கு?”

“அதான் தப்பு. வெளியாளா இருந்தா கேட்டிருப்ப.”

கவிநிலாவின் முகம் சுருங்கியது. நாற்காலியில் சாய்ந்திருந்த மதிவாணன் எழுந்து உட்கார்ந்தார். “திட்டாதீங்க மேடம். பல்லு கூசுதுன்னு நான்தான் சொன்னேன்.”

“நீங்க படுங்க. உங்களுக்கும் இருக்கு திட்டு. இத்தனை நாள் வாயைத் தொறக்காம இருந்திருக்கீங்க.” டாக்டர் கையுறையைக் கவிநிலாவிடம் நீட்டினார். “எவ்ளோ தேய்ப்ப? கூடுதலாப் போனா திரும்ப வராது.”

அடைப்பதற்கு முன் கவிநிலா அளவெடுக்கவில்லை. பழைய பள்ளம் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்வு? யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று இழுப்பறையைத் திறந்தாள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கே இடிக்கின்றன என்று பார்ப்பதற்கு வைத்திருக்கும் நீலத்தாளில் ஒரு துண்டைக் கிழித்தாள். நோயாளியின் பற்களுக்கு இடையில் வைத்துக் கடிக்கச் சொன்னால், இடிக்கும் இடத்தில் மை ஒட்டும். தாளை அப்பாவின் பல்லுக்கும் மௌத்பீஸுக்கும் நடுவில் வைத்தாள்.

“இப்ப வாசிப்பா.”

“இங்கியா?”

“இங்கதான். கடிச்சிக் காட்டாத. நெசமாவே வாசி. அப்பதான் உன் பல்லு எங்க ஒக்காரணும்னு தேடுதோ, அது தெரியும்.”

மதிவாணன் வாசித்தார். கீழ்ச் சுரங்கள் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போயின. பிறகு அந்தக் கிழிசல்.

வெளியே காத்திருந்தவர்களில் ஓர் அம்மாள் சத்தமாகக் கேட்டாள். “உள்ள என்னம்மா, பல்லு புடுங்கறாங்களா, பொண்ணு அழைக்கறாங்களா?”

சிரிப்பு அடங்குவதற்குள் கவிநிலா தாளை எடுத்துவிட்டாள். அவள் அடைத்த சிமென்ட்டின் மேல், வலது ஓரமாக ஒரு நீலப் புள்ளி. மெஷினை எடுத்து அந்தப் புள்ளியை மட்டும் ஒரு தடவு தடவினாள். மறுபடி தாள். மறுபடி வாசிப்பு. மறுபடி புள்ளி, இந்தமுறை கொஞ்சம் நீளமாக.

நடுவில் கை வலித்து அவள் நிறுத்தியபோது, டாக்டர் கேட்டார்.

“கீழ வாசிக்கறப்ப நல்லாத்தானே இருக்கு? மேல போனா மட்டும் ஏன் ஒடையுது?”

வாத்தியத்தைப் பற்றிக் கேட்டதும் மதிவாணன் முகத்தில் களை வந்தது.

“இது ரெண்டு வாத்தியம் மேடம். கீழ்ச் சத்தத்துக்கு ‘ஷலுமோ’ன்னு பேரு. முன்னாடி இருந்த பழைய குழலோட பேரு அது. அப்பறம் ஜெர்மனில ஒருத்தர் அதுல இன்னொரு சாவி வெச்சாரு. இதோ, கட்டைவெரலுக்கு மேல இருக்குதே, இது. மத்த கொழல்லாம் ஸாவுலேருந்து தாவுனா மேல் ஸாவுல போயி நிக்கும். இத அமுக்குனா மேல் பாவுக்கே போயிடும். தூரத்துலேருந்து கேட்டவங்களுக்கு அந்த மேல் சத்தம் ட்ரம்பெட் மாதிரியே இருந்துச்சாம்.”

“ட்ரம்பெட்டா?”

“அந்தக் காலத்துல உச்சத்துல வாசிக்கற ட்ரம்பெட்டுக்கு இத்தாலியில ‘கிளாரினோ’ன்னு பேரு. தெளிவான சத்தம்னு அர்த்தம் வரும். இது அதுக்குத் தம்பி மாதிரின்னு ‘கிளாரினெட்டோ’ன்னுட்டாங்க. சின்ன கிளாரினோ. நம்ம ஊர்ல பிரெஞ்சு படிச்சவங்க கிளாரினெத்னுவாங்க. எங்கண்ணன் இதச் சொல்லியே என்னை வெறுப்பேத்துவாரு. ‘டேய், உன் வாத்தியத்துக்குப் பேரே என் வாத்தியம் போட்ட பிச்சைதாண்டா’ம்பாரு.”

டாக்டர் சிரித்தார். “அப்ப அந்த மேல் சத்தத்துக்குத்தான் பேரே வெச்சிருக்காங்க.”

“ஆமா மேடம். அது வர்லன்னா கையில இருக்கறது பழைய கொழலுதான்.”

கவிநிலா முகமூடியைச் சரிசெய்துகொண்டாள். கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அவை சிவந்திருந்தன.

“வாயைத் தொற,” என்றாள்.

“பயப்படாம தேயி,” என்றார் அப்பா. “நீ தேய்க்கறது உன் சிமென்ட்டதான். என் பல்லு இல்ல.”

தாள், வாசிப்பு, புள்ளி, மெஷின். புள்ளி புள்ளியாக ஒரு சின்னச் சாய்வு உருவானது. அவள் அழகு பார்க்கவில்லை. மை எங்கே ஒட்டியதோ அங்கே மட்டும் போனாள். கடைசியில் மை ஒரே கோடாக, பள்ளத்தின் நீளம் முழுக்க ஒட்டியது.

மதிவாணன் கட்டைவிரலால் சாவியை அமுக்கினார்.

சத்தம் தாவியது. கிழியவில்லை. வழுக்கவில்லை. ஒற்றைக் கம்பியாக நீண்டு, கிளினிக்கின் சின்ன அறைக்குள் இடம் போதாமல் தெருவுக்குப் போனது. வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மதிவாணன் மூச்சு முடியும்வரை அதை விடவில்லை.

“அம்மாகிட்ட நீதான் சொல்லணும்,” கவிநிலா கையுறையைக் கழற்றினாள். “போட்டோவுல மறுபடியும் பழைய ஆளுதான்னு.”

* * *

மாலை. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மண்டபம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு குடும்பம், பாரீஸிலிருந்து வந்து மகள் கல்யாணத்தை நடத்தியிருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழையும்போது, அந்த வீட்டுக் கல்யாணங்களில் வழக்கமாக வாசிக்கும் ஒரு பழைய வால்ஸ் நடன மெட்டு வேண்டும். மேல் பாட்டு ட்ரம்பெட், அதற்குக் கீழே இழைந்து வருவது கிளாரினெட். ரெண்டும் ஆள் வாசிக்க வேண்டும், கீபோர்டுப் பெட்டி கூடாது என்று பொண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

சிவப்புக் கோட்டில் நின்றிருந்த எழிலரசன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாப்ட்டியா?”

“ம்.”

மூன்று வருடத்துக்கு அவ்வளவுதான். ஆனால் தம்பியின் கோட்டில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்ததை அண்ணன் தன் கையாலேயே சரிசெய்துவிட்டு நகர்ந்தார். மதிவாணன் சிலைபோல நின்று அதைச் செய்யவிட்டார்.

பல்லுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று கவிநிலாவும் கூடவே வந்திருந்தாள். எல்லோரும் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். சமையல்கட்டுக்குப் போகும் நடையில் அவர் தனியாக நின்று, ட்ரம்பெட்டை வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் வைத்தார். எடுத்தார். இடது ஓரமாக வைத்தார். லேசாக ஊதினார். கண்ணை இறுக்கி மூடினார்.

காலை முழுவதும் ஒரே ஒரு பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, இதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“பெரியப்பா. வாயைத் தொறங்க.”

அவர் திடுக்கிட்டார். “போம்மா அந்தாண்ட. வேலையப் பாரு.”

“இதான் என் வேலை.”

அவளை முறைத்தார். முறைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. உதட்டைக் கொஞ்சமாகப் பிரித்தார். கைப்பேசி வெளிச்சத்தில் அவள் பார்த்தாள். ஈறு வீங்கி இறங்கியிருந்தது. நாக்கு பட்டதும் முன்பல் ஆடியது.

“சக்கரை,” என்றார் எழிலரசன். “நாலு பல்லும் இப்படித்தான். அடிச் சத்தம் வருது. உச்சிக்கு அழுத்தனா உசுரு போவுது.”

“எவ்ளோ நாளா?”

“மூணு வருசத்துக்கு மேல.”

கவிநிலா கைப்பேசி வெளிச்சத்தைத் தாழ்த்தினாள். “அப்ப அந்தக் கீபோர்டு…”

“எனக்குப் பதிலா வாங்குனதும்மா. ட்ரம்பெட்டுக்கு. உங்கப்பனுக்குப் போட்டியாவா வாங்குவேன்? அந்தக் கூறுகெட்டவன் மொத நாளே கிளாரினெட் பொத்தானை அமுக்கித் தொலைச்சான். இவன் எந்திரிச்சிப் போயிட்டான். அவனத் தடுக்கணும்னா காரணம் சொல்லணும். அத்தனை பேர் எதுர்ல, எனக்கு வாசிக்க வர்லடான்னு எப்படிச் சொல்லுவேன்?”

“அப்பறமாவது சொல்லியிருக்கலாமே?”

“நாளைக்கி சொல்லிக்கலாம், நாளைக்கி சொல்லிக்கலாம்னு போயிடுச்சி.” அவர் ட்ரம்பெட்டைத் துடைத்தார். “இன்னிக்கி பெட்டி கூடாதுன்னுட்டாங்க. வேற வழியில்லாம அவன் வாசலுக்குப் போனேன். அவங்கிட்ட சொல்லிடாத. சத்தியமா சொல்லாத. இன்னிக்கி அவன் நிம்மதியா ஊதட்டும்.”

உள்ளேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். பொண்ணு மாப்பிள்ளை கார் வந்துவிட்டது.

பேண்டு வரிசையில் நின்றதும் எழிலரசன் தம்பியின் பக்கம் குனிந்தார்.

“மதி, மேல் பாட்டு நீ எடுத்துக்க. நான் கீழ வரேன்.”

மதிவாணன் காதில் வாங்கியதை நம்பவில்லை. “அது உன் பாட்டாச்சேண்ணே!”

“எடுத்துக்கன்னேன்ல.”

டிரம் முழங்கியது. மதிவாணனின் முன்பல் அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கட்டைவிரல் சாவியை அமுக்கியது. மேல் சத்தம் எழுந்து மண்டபத்தின் கூரை வரை போனது. வாசலில் இருந்தவர்கள், ட்ரம்பெட் எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள். எழிலரசன் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, அடங்கிய ட்ரம்பெட் சத்தத்தில், கீழே இழைந்துகொண்டு வந்தார். தம்பி மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் சற்றே எழும்பினார். தம்பி மறுபடி எழுந்ததும் அடங்கினார்.

பொண்ணின் அப்பா நடந்து வந்து, எல்லோர் முன்னாலும் மதிவாணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பந்தியில் மதிவாணனுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் தொண்டை வரை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த மகளிடம் குனிந்தார்.

“பாத்தியா கவி? எங்கண்ணன் எனக்கு விட்டுக் குடுத்துட்டாரு. உச்சிப் பாட்டை இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல அவரு. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். வீம்புக்கு மூணு வருசத்த வீணாக்கிட்டேன்.”

“ம்,” என்றாள் கவிநிலா. அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

“நாளைக்கிக் காலைல மீன் வாங்கிக்கிட்டு அவர் வீட்டுக்குப் போறேன்.”

அப்படிச் சொல்லிக்கொண்டே அவர் எதிர்ப் பந்தியைப் பார்த்தார். எழிலரசன் இலையில் பிரியாணி வைத்தது வைத்தபடி இருந்தது. கறித் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ரசத்தைக் கேட்டு வாங்கி, சோற்றைக் குழையக் குழையப் பிசைந்தார்.

மதிவாணனின் கை இலையில் நின்றது.

“கவி,” என்றார் மெதுவாக. “நல்லி எலும்பு கெடைக்கலன்னா பந்தியிலேருந்தே எந்திரிச்சிப் போற மனுசன் அவரு. ரசத்த ஊத்திக்கிட்டிருக்காரு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சுருதி பாக்கறப்ப அவரத் தேடிக்கிட்டு நீதான் பின்னாடி போன.” அவர் குரலில் இருந்த சந்தோஷம் மெல்ல வடிந்தது. “என்ன நோய் அவருக்கு? சொல்லு.”

எதிர்ப் பந்தியிலிருந்து எழிலரசன் தலை நிமிர்ந்து, அவர்கள் இருவரையும் பார்த்தார்.